நிமிஷத்துக்கு முப்பத்தாறு சொட்டு

அந்த அரண்மனையைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் சிம்மாசனத்தை மறந்துவிடுவார்கள். வாளையும் கேடயத்தையும் வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்துவிடுவார்கள். இளைய ராணியின் படுக்கையறையில் இருக்கும் அழுகிற சுவரை மட்டும் ஒருவரும் மறப்பதில்லை. அதற்குக் காரணம் பாதி சுவர், மீதிப் பாதி கைடு.

கைடு வேலையில் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. சேர்ந்த இரண்டாவது மாதம், அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு சின்னப் பெண், "இந்தச் செவுரு மட்டும் ஏன் ஈரமா இருக்கு?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். புது வேலை, புதுச் சட்டை, சட்டையில் 'வழிகாட்டி' என்று எழுதிய அட்டை. வாய் வரவில்லை. "இளைய ராணி இதுல சாஞ்சு நின்னுதாம்மா அழுவாங்க" என்று சொல்லிவைத்தார். குழந்தை சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பாவம்" என்று தானும் அழ ஆரம்பித்துவிட்டது.

ஆரம்பம் அதுதான். மறுவாரம் ராணிக்குப் போருக்குப் போன கணவன் கிடைத்தான். அடுத்த மாதம் போர்க்களத்திலிருந்து பாதியில் நின்றுபோன கடிதம் ஒன்று வந்தது. மூன்றாம் வருடம் ஒரு வெள்ளைக் குதிரை ஆளில்லாமல் திரும்பி வந்தது. இப்படி வருடத்துக்கு ஒரு சுற்று சதை போட்டு, கதை இப்போது பதினேழு நிமிடம் ஓடுகிறது. சுவருக்கு முன்னால் பட்டுக்கயிறு கட்டியாயிற்று. வாசலில் விற்கும் கையேட்டில் அதற்கென்று ஒரு முழுப்பக்கம். புதிதாகக் கல்யாணமானவர்கள் கைக்குட்டையை அதில் ஒற்றி எடுத்துப் பத்திரமாக மடித்துக்கொண்டு போனார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கதையைக் கட்டியவர் தான்தான் என்பது கைடுக்கே மறந்துபோயிருந்தது. குதிரை வரும் இடத்தில் அவரே கைக்குட்டையைத் தேடுவார். தினமும் காலையில் கதவைத் திறந்ததும் சுவரின் ஈரத்தை ஒரு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வேலையை ஆரம்பிப்பார். வருடத்துக்கு மூன்று முறை அவருக்குக் கண் சிவந்து வீங்கும். கண் டாக்டர், "கண்ணுல என்னத்தைப் போடறீங்க?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்.

அன்று காலை மேலாளர் அவரை மாடிக்குக் கூப்பிட்டனுப்பினார். மேலாளருக்கு உட்கார்ந்தே பழக்கம். உட்கார்ந்தபடி ஒரு காகிதத்தை நீட்டினார்.

"இன்னிக்கு மாணவர் குழு ஒண்ணு வருதுய்யா. இருபத்தெட்டுப் பேர்."

"என்ன படிக்கிறவங்க சார்? சரித்திரமா?"

"ஏதோ தொழிற்பயிற்சி நிலையம்னு போட்டிருக்கு. என்ன படிச்சா நமக்கென்ன? ராணி கதையை நல்லா உருக்கமா எடுத்து விடு. படிக்கிற பசங்க, நாலு இடத்துல போய்ச் சொல்லுவாங்க."

கைடு கீழே வந்து தலையை வாரிக்கொண்டு, தொண்டைக்கு வெந்நீர் குடித்துவிட்டு வாசலில் நின்றார். பத்து மணிக்குப் பழைய பஸ் ஒன்று புகை கக்கிக்கொண்டு வந்து நின்றது. அதிலிருந்து பையன்களும் பெண்களுமாக இருபத்தெட்டுப் பேர் இறங்கினார்கள். கடைசியாக டீச்சர் இறங்கினார். குள்ளமான பெண்மணி, நாற்பது வயது இருக்கும். காலில் கான்வாஸ் ஷூ, இடுப்பில் ஒரு டார்ச்.

"வணக்கம் சார். நாங்க பிளம்பிங் பிரிவு" என்றார் டீச்சர். "வருஷம் பூரா குழாயையே பாத்துப் பாத்து எங்களுக்கு மூளையே துருப்பிடிச்சுப் போச்சு. ஒருநாளாவது ராஜா ராணின்னு நாலு நல்ல விஷயம் பாக்கட்டும்னு கூட்டிட்டு வந்திருக்கேன். இன்னிக்குப் பூரா ஒருத்தரும் குழாய்ப் பேச்சே எடுக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கித்தான் பஸ்ல ஏத்தினேன்."

"அதுக்கென்ன மேடம், வாங்க வாங்க. இன்னிக்கு இவங்களை நானூறு வருஷம் பின்னால கூட்டிட்டுப் போயிடறேன்" என்றார் கைடு.

தர்பார் மண்டபத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. கைடு பேசப் பேச, இருபத்தெட்டுப் பேரும் வாயைப் பிளந்துகொண்டு கூரையையே பார்த்தார்கள். ஓவியத்தின் அழகில் மயங்கிவிட்டார்கள் என்று அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"அந்த ஓவியத்தை வரைஞ்சு முடிக்கப் பதினோரு வருஷம் ஆச்சு. கண்ணை எடுக்க முடியுதா பாருங்க!"

"முடியல சார்" என்றான் ஒருவன். ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். கூட இருந்தவர்கள் அவனை மலை என்று கூப்பிட்டார்கள். "அந்த வலது பக்க மூலையில பழுப்பா ஒரு கறை பரவியிருக்கே, அது…"

"டேய்!" என்றார் டீச்சர். மலை வாயை மூடிக்கொண்டான்.

ஆயுதக் கூடத்தில் கைடு, "யாருக்காவது சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றார். ஒரு பையன் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான்.

"சார், கக்கூஸ் எங்க சார்?"

"வெளிய போய் இடது பக்கம் திரும்புப்பா. ஓடு, அவசரம்னா ஓடு."

"எனக்கில்ல சார். ராஜாவுக்கு."

இருபத்திரண்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. ஏழு தலைமுறை ராஜாக்கள் பிறந்த நாள், முடிசூடிய நாள், செத்த நாள் எல்லாம் கைடுக்குத் தலைகீழாகத் தெரியும். இது தெரியாது. ராஜாக்களுக்கு அப்படியொரு தேவை இருந்திருக்கும் என்றே அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

"அதெல்லாம்… அந்தக் காலத்துல…" என்று இழுத்தார்.

"தண்ணி எங்கருந்து வந்துச்சு சார்? மேல தொட்டி கட்டியிருந்தாங்களா? தண்ணி சரிஞ்சு ஓட வாட்டம் எந்தப் பக்கம் குடுத்திருப்பாங்க?" என்று நாலு பக்கத்திலிருந்தும் கேள்விகள் வந்து விழுந்தன. சத்தியம் அதோடு காற்றில் போயிற்று. டீச்சர் அதட்டினார். ஆனால் அடுத்த கூடத்துக்குப் போகும் வழியில், கதவு பாதி திறந்திருந்த பழைய குளியலறையில் ஒரு செப்புக்குழாய் தெரிந்ததும் முதலில் உள்ளே நுழைந்தவர் டீச்சர்தான். கால்மணி நேரம் ஒருவரும் வெளியே வரவில்லை. சிம்மாசனத்தைப் படமெடுக்காதவர்கள், அந்தக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழுவாகப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

கைடு வெளியே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். மனசு எரிந்தது. 'இருக்கட்டும், ராணி அறைக்கு வாங்க, அங்க இருக்கு உங்களுக்கு' என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

ராணியின் அறையில் அவர் தன் முழுத் திறமையையும் காட்டினார். ஜன்னல் கதவுகளில் ஒன்றை மட்டும் திறந்து வைத்தார். குரலைத் தாழ்த்தினார். ராணி ஜன்னலில் நின்றாள்; கணவன் திரும்பிப் பார்க்காமல் போனான்; கடிதம் வந்தது, பாதிச் சொல்லில் நின்றது. குதிரை ஆளில்லாமல் திரும்பி வந்தது. எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு விம்மல் வந்தது. மலை அழுதுகொண்டிருந்தான். தோளெல்லாம் குலுங்க, சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துத் துடைத்து அழுதான்.

"அன்னிலருந்து இன்னிவரைக்கும்," என்று கைடு பட்டுக்கயிற்றுக்கு அப்பால் கையை நீட்டினார், "இந்தச் சுவரு அழுதுட்டே இருக்கு."

சுவரில் நீர் மெல்ல வழிந்தது. கைடுக்கு மனம் குளிர்ந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் கயிற்றுக்கு அடியில் குனிந்து போய்ச் சுவரில் காதை வைத்தாள். ஒல்லியான பெண், இரட்டைப் பின்னல். வகுப்பில் அவளுக்குக் காது என்றே பெயர். மண்ணுக்குள் எங்கே கசிந்தாலும் தரையில் காதை வைத்து இடத்தைச் சொல்லிவிடுவாளாம்.

"ஏம்மா! கயிறைத் தாண்டக்கூடாது!"

"ஒரு நிமிஷம் சார்." கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அவள் உதடு எண்ணியது. பிறகு நிமிர்ந்தாள். "மேடம், நிமிஷத்துக்கு முப்பத்தாறு சொட்டு. மேலருந்துதான் வருது. நாம உள்ள வந்தப்ப பத்துப் பதினஞ்சுதான் இருந்திருக்கும். சார் குதிரை கிட்ட வந்தப்ப மேல யாரோ பிளஷ் பண்ணாங்க. அதுக்கப்புறம்தான் கூடிச்சு."

பிறகு கைடின் பக்கம் திரும்பினாள்.

"சார்," என்றாள் காது மரியாதையாக, "லீவு நாள்ல ராணி அழுவாங்களா?"

கைடுக்குச் செவ்வாய்க்கிழமைகள் நினைவுக்கு வந்தன. அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலையில் சுவர் மேலாகக் காய்ந்துதான் இருக்கும். கண்ணில் ஒற்றிக்கொள்ள ஈரம் கிடைக்காமல், 'பாக்க ஆள் இல்லாதப்ப ராணியும் கொஞ்சம் ஓய்வு எடுக்கறாங்க' என்று சமாதானம் சொல்லிக்கொள்வார். மேலாளர் அறையைப் பூட்டிவிட்டுத் தன் தங்கை கல்யாணத்துக்காகப் பதினைந்து நாள் விடுப்பில் போனபோது சுவர் எலும்பாகக் காய்ந்தது. அந்தப் பதினைந்து நாளைக்கு 'ராணியின் அமைதிக் காலம்' என்று பெயர் வைத்துச் சமாளித்திருந்தார்.

"மேல என்ன சார் இருக்கு?" என்று கேட்டார் டீச்சர்.

"மேலாளர் ரூம்."

"அதோட சேர்ந்த பாத்ரூமும் இருக்கா?"

கைடு தலையசைத்தார். அவமானம் ஒருபக்கம், ஆத்திரம் ஒருபக்கம். "என்ன சொல்ல வர்றீங்க? எங்க ராணியோட கண்ணீரை… இது நானூறு வருஷத்து அரண்மனை! வாயால ஆயிரம் சொல்லலாம். முடிஞ்சா நிரூபிங்க பாக்கலாம்!"

"வேணாம் சார். நாங்க சுத்திப் பாக்க வந்தவங்க. மன்னிச்சுக்கங்க."

"நிரூபிக்காம ஒருத்தரும் இங்கருந்து போக முடியாது!" என்றார் கைடு. இருபத்திரண்டு வருடத்தில் அவர் குரல் உயர்ந்தது அன்றைக்குத்தான்.

டீச்சர் பெருமூச்சு விட்டுக் கைப்பையைத் திறந்தார். மற்றவர்கள் கைப்பையில் சீப்பு இருக்கும், கண்ணாடி இருக்கும். இவர் பையில் சாய மாத்திரை இருந்தது. நல்ல நீலம். பிளஷ் தொட்டியில் போட்டால் தண்ணீர் போகிற வழியெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும்.

மேலாளர் அப்போதுதான் தோட்டத்தைப் பார்வையிடப் போயிருந்தார். மலையைச் சுவருக்குக் காவல் வைத்துவிட்டு, மற்றவர்களை முற்றத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, கைடும் டீச்சரும் காதும் மாடிக்குப் போனார்கள். அங்கே துப்புரவு வேலை பார்க்கும் அக்கா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்துவிட்டுக் குளியலறைக் கதவைத் தானே திறந்துவிட்டார்.

"போடுங்க. ரெண்டாவே போடுங்க" என்றார்.

"என்னக்கா, நீங்களுமா?" என்றார் கைடு.

"எனக்கு அப்பவே தெரியும் அண்ணே. நான் இங்க கழுவி விட்டா கீழ ராணி தேம்பித் தேம்பி அழுவாங்க. ஞாயித்துக்கிழமை பினாயில் போட்டுக் கழுவினா அன்னிக்குப் பூரா ராணிகிட்ட பினாயில் வாசம். நீங்க என்னடான்னா 'மலர் வாசனை வீசுது பாருங்க'ன்னு ஜனங்ககிட்ட சொல்லிட்டு இருந்தீங்க."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"அவ்வளவு உருகிச் சொல்றீங்களே அண்ணே. எந்த வாயால சொல்றது?"

காது மாத்திரையைப் போட்டாள். கரையும்வரை காத்திருந்து பிளஷை அழுத்தினாள். தண்ணீர் நீலமாகச் சுழன்று இறங்கியது. கைடு மனதுக்குள் ராணியை நினைத்துக்கொண்டார். 'தாயே, என் மானத்தைக் காப்பாத்து.'

அவர்கள் கீழே இறங்கி வருவதற்குள் அறையில் கூட்டம் கூடியிருந்தது. வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்த வயதான அம்மாக்கள் பதினாறு பேர். கைடு இல்லாததால், "என்னப்பா இது?" என்று காவலுக்கு நின்ற மலையைக் கேட்டிருக்கிறார்கள். அவனும் கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்லாமல் முழுக்கதையையும் சொல்லிக்கொண்டிருந்தான். குதிரை வரும் இடத்தில் அவனால் தாங்க முடியவில்லை. கதறிக் கதறிச் சொன்னான். அவனைப் பார்த்து அம்மாக்கள் அழ, அம்மாக்களைப் பார்த்து அவன் இன்னும் அழ, துக்க வீடு தோற்றது.

சரியாக அந்த நேரத்தில் சுவரில் நீலம் இறங்கியது. முதலில் ஒரு சொட்டு. பிறகு ஒரு கோடு. பிறகு மூன்று கோடுகள்.

"ஐயோ, ராணி நீலமா அழறாங்கடி!" என்று கத்தினார் குழுவுக்குத் தலைவியான கறுப்புக் கண்ணாடி அம்மா. "தம்பி சொன்ன கதையைக் கேட்டுத்தான் மனசு உடைஞ்சு போச்சு! எல்லாரும் கிட்ட வாங்கடி!"

"அம்மா, தொடாதீங்க!" என்றார் டீச்சர்.

"ஏன், எங்களுக்குத் தொடற தகுதி இல்லையா?"

"தகுதி இருக்கும்மா. சுத்தம்தான் இல்ல."

யார் காதில் விழுந்தது? பதினாறு கைக்குட்டைகளும் சுவரை நோக்கி நீண்டன. டீச்சர் விசிலை எடுத்து ஊத, முற்றத்திலிருந்த மாணவர்கள் ஓடி வந்து சுவருக்கு முன்னால் கைகோத்து வேலிபோல நின்றார்கள்.

கைடு மட்டும் அசையவில்லை. நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று அவருக்கு ஏதோ உறைத்தது. வலது கை தானாகவே கண்ணுக்குப் போனது.

"மேடம்," என்றார் மெல்லிய குரலில், "இது… பிளஷ்ல வர்ற நல்ல தண்ணியா, இல்ல…?"

டீச்சர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "இப்பச் சொல்லட்டுமா சார், சாப்பிட்ட பிறகு சொல்லட்டுமா?"

கைடு அன்று மதியம் சாப்பிடவில்லை.

கூச்சல் கேட்டு மேலாளர் தோட்டத்திலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், நீலத்தைப் பார்த்தார், கூட்டத்தை மறுபடி பார்த்தார். கைடை ஓரமாக இழுத்துப்போனார். கைடு இருந்த மனநிலையில் எதையும் மறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். கேட்டு முடித்ததும் மேலாளர் முகத்தில் வெளிச்சம்தான் வந்தது.

"நீலம் நல்லாத்தான்யா இருக்கு. வாரத்துக்கு ஒருநாள் போடலாமா? விசேஷ நாள்ல சிவப்பு?"

"சார்! அது உங்க கக்கூஸ் தண்ணி சார்!"

"மெதுவாப் பேசுய்யா. ஜனங்க பாக்கத்தானே வர்றாங்க, குடிக்கவா வர்றாங்க? சுவரு காஞ்சு போச்சுன்னா இந்தப் பக்கம் ஒரு ஈ, காக்கா வராது. உன் கதைக்குத்தான் என்ன மதிப்பு, சொல்லு."

அந்தக் கேள்வி கைடைக் குத்தியது. இத்தனை வருடமும் தன் கதையைக் கேட்கத்தான் ஜனங்கள் வருகிறார்கள் என்று அவர் நினைத்திருந்தார். இப்போது பார்த்தால், பாதிச் சம்பளம் சுவரை அழவைத்த மேலாளரின் வயிற்றுக்குப் போக வேண்டியது. அவருக்கு வந்த கோபத்தில் என்ன பேசுவதென்று தெரியாமல், "ரிப்பேர் பண்ணித்தான் ஆகணும்" என்று மட்டும் சொன்னார்.

"யாரு கேட்டா? முடியாது."

டீச்சர் இதற்குள் ஒரு நாற்காலி மேல் ஏறி, டார்ச் அடித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவருக்கு மேலே கூரையைத் தாங்கும் மர உத்தரம் ஒன்று இருந்தது. ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்து அதில் லேசாக அழுத்தினார். டீயில் நனைத்த ரொட்டிக்குள் இறங்குவதுபோல் பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது.

"சார், ஒரு சந்தேகம்" என்றார் அங்கிருந்தபடியே. "மேல உங்க கம்மோடு எந்தப் பக்கமா இருக்கு? ஜன்னல் பக்கமா, கதவுப் பக்கமா?"

"ஜன்னல் பக்கம். ஏன்?"

"அப்ப சரியா இந்த உத்தரத்து மேலதான். உள்ள பூரா உளுத்துப் போயிருக்கு. நிக்கற வரைக்கும் நிக்கும். விழும்போது நேரா இந்தக் கட்டில் மேலதான் வந்து விழும்."

"இவ்வளவு வருஷமா நிக்கலையா?"

"நிக்குது சார். நான் அதுக்குச் சொல்லல. விழற நேரத்துல நீங்க எங்க இருப்பீங்களோன்னுதான் யோசிக்கிறேன்."

மேலாளர் ராணியின் கட்டிலைப் பார்த்தார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார். கையில் செய்தித்தாளோடு தான் இந்த அறைக்கு வந்து சேரும் காட்சி அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். அதுவும் பார்வை நேரமாக இருந்தால் எதிரே நாற்பது பேர் நிற்பார்கள். மெதுவாகக் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"எத்தனை மணிக்கு வேலையை ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டார்.

பஸ்ஸின் பின்பக்கத்தில் பயிற்சி வகுப்பின் கருவிப் பெட்டிகள் எப்போதும் இருக்கும். பத்தே நிமிடத்தில் எல்லாம் வந்து சேர்ந்தன. அம்மாக்களைக் கெஞ்சிக் கூத்தாடி ஆயுதக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு, ராணி அறையில் பாதிப் பேர் உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தார்கள். மலை ஒருவனே முட்டு மாதிரி நின்றுகொண்டிருந்தான். மற்றவர்கள் மாடியில் தண்ணீரை அடைத்து, கம்மோடைக் கழற்றி, தரையைத் திறந்தார்கள். உள்ளே இணைப்பில் யாரோ ஒரு புண்ணியவான் பழைய திரைச்சீலையைக் கிழித்துச் சுற்றி, அதன்மேல் மெழுகைப் பூசிவிட்டுப் போயிருந்தான்.

"எல்லாரும் வந்து பாருங்க!" என்று டீச்சர் குரல் கொடுத்தார். முகமெல்லாம் பூரிப்பு. "இணைப்பை எப்படிப் போடக்கூடாதுன்னு பாடத்துல படிச்சோம்ல? இதோ. இந்த மாதிரி ஒண்ணைக் கண்ணால பாக்கறதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்."

மாணவர்கள் முட்டி மோதி எட்டிப் பார்த்தார்கள். "இந்த மாதிரி ஒரு டூர் வந்ததே இல்ல மேடம்" என்றான் ஒருவன் நெஞ்சு நெகிழ்ந்து.

கைடு ராணி அறை ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். மேலே சுத்தியல் சத்தம். எதிரே சுவரில் நீலக்கோடுகள் ஒவ்வொன்றாக மெலிந்து நின்றன. இனி நாளைக்கு வருகிறவர்களிடம் என்ன சொல்வது? வெறும் அறை. வெறும் கட்டில். பழைய ஓலைகளில் இந்த ராணியைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: இந்த அறையில் அவள் படுத்தாள் என்று. மற்ற எல்லாம் அவர் போட்டது. அது இப்போதுதான் அவருக்குப் பளிச்சென்று நினைவுக்கு வந்தது. கணவன், கடிதம், குதிரை என ஒவ்வொன்றும் எந்த வருடம் சேர்ந்தது என்றுகூட நினைவு வந்தது. குதிரை வந்த வருடம் அவருக்குக் கல்யாணமான வருடம்.

நாலரை மணிக்கு டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"முடிஞ்சுது சார். இனிமே சொட்டாது. சுவரு உள்வரைக்கும் முழுசாக் காய மூணு வாரம் ஆகும். உத்தரத்தை மாத்தச் சொல்லிருங்க."

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." கைடு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்தக் கதை பூராவும் நான் விட்ட புளுகு. ஒரு குழந்தை கேட்டுச்சு. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

டீச்சர் திடுக்கிடவில்லை. "குதிரைகூடவா?" என்றார்.

"குதிரைகூட."

"அடப்பாவமே. அந்தக் குதிரைக்கு நானே அழுதுட்டேன், பசங்க பாக்காம." கிட்ட நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "சார், பதினேழு நிமிஷம் நீங்க பேசினீங்க. ஒருத்தன்கூடப் போனைக் கையில எடுக்கல. நான் பதினோரு வருஷமாப் பாடம் நடத்தறேன். ரெண்டு நிமிஷத்துல பின்பெஞ்சுல ரெண்டு பேர் தூங்கிருவானுங்க. வாட்டம்னா என்னன்னு இன்னும் பாதிப் பேருக்குப் புரியல. எப்படி சார் அது? எங்கருந்து ஆரம்பிக்கணும்?"

இப்படி ஒரு கேள்வியை கைடு எதிர்பார்க்கவில்லை. வேண்டாவெறுப்பாகத்தான் பதில் சொல்ல ஆரம்பித்தார்.

"முதல்ல யாருக்கு என்ன போச்சுன்னு சொல்லணும் மேடம். ஒருத்தருக்கு ஏதாவது போனாத்தான் கேப்பாங்க."

"கழிவுநீர்க் குழாய்ல யாருக்கு என்ன சார் போகும்?"

"ஏன் போகாது?" கைடு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு சொட்டுத் தண்ணி இருக்குன்னு வச்சுக்கங்க. மாடியிலருந்து இறங்கி ஆத்துக்குப் போகணும்னு ஆசை. பாதி வழியில வாட்டம் சரியில்ல. பின்னால வர்றவங்க தள்ளறாங்க, முன்னால போக முடியல…"

"ஐயோ!" என்றார் டீச்சர், நெஞ்சில் கைவைத்து.

பஸ் ஹாரன் மூன்று முறை அடித்த பிறகுதான் இருவரும் எழுந்தார்கள். போகும்போது டீச்சர் ஒரு கண் மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். தொழிலில் எல்லோருக்கும் எப்போதாவது தெறிக்குமாம். அது நன்றாகக் கேட்குமாம்.

மூன்று வாரத்தில் சுவர் காய்ந்து வெளுத்தது. உத்தரம் மாற்றினார்கள். மேலாளர் தன் அறையைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். இப்போதும் உட்காருவதற்கு முன்னால் ஒருமுறை தரையைக் காலால் தட்டிப் பார்க்கிறார். கைடு கதையை நிறுத்திவிட்டார். ராணி அறையில் நாலே நிமிடம், உள்ளதை உள்ளபடி சொல்வார். "இந்த ராணியைப் பத்தி நமக்கு ஒண்ணும் தெரியாது" என்று முதல்முறை சொன்னபோது நாக்கு குழறியது. பிறகு பழகிவிட்டது. சிலர் கொட்டாவி விட்டார்கள். சிலர், "அப்ப ஈரம் எப்படி வந்துச்சு?" என்று கேட்டு, பதிலைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, கறுப்புக் கண்ணாடி அம்மா இரண்டு பஸ் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார்.

"நீலக் கண்ணீர் எங்கப்பா?" என்றார் வந்ததும் வராததுமாக.

"அம்மா, அது கண்ணீரே இல்லம்மா. மாடி பாத்ரூம்ல கசிவு. சாயம் போட்டுக் கண்டுபிடிச்சு அடைச்சாச்சு. நானே கூட இருந்து பாத்தேன்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நானும்தான் கூட இருந்து பாத்தேன். எனக்குக் கண்ணு தெரியாதா?"

"இல்லம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. அந்தக் கதையை முதல்ல சொன்னதே நான்தான். சும்மா கட்டிவிட்டது."

"நீயா?" அந்த அம்மா தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "எனக்குச் சொன்னது ஒரு பெரிய பையன். சொல்லும்போதே அவனுக்குக் கண்ணுல தாரை தாரையா ஊத்துச்சு. பொய் சொல்றவனுக்கு அப்படி வருமா? உனக்கு நம்பிக்கை இல்லன்னா ஓரமா நில்லுப்பா. நீங்க எல்லாரும் வாங்க, நான் சொல்றேன்."

எண்பது பேரும் அந்த அம்மாவைச் சுற்றி நின்றார்கள். கைடு கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டார். அந்த அம்மா ஜன்னல் கதவுகளில் ஒன்றை மட்டும் விட்டு மற்றதைச் சாத்தச் சொன்னார், குரலைத் தாழ்த்தினார். ராணி நின்றாள், கணவன் போனான், கடிதம் வந்தது. அவர் சொன்னதில் குதிரை வெள்ளையில்லை, கறுப்பு. அதன் கடிவாளத்தில் ராணி கட்டியனுப்பிய நீல முந்தானைத் துண்டு இருந்தது. அதை யார் அவிழ்த்தாலும் அவிழவில்லை. ராணி பக்கத்தில் போய்க் கையை வைத்தாள்.

அங்கே நிறுத்திவிட்டு அந்த அம்மா தண்ணீர் பாட்டிலை எடுத்து நிதானமாகக் குடித்தார்.

கைடுக்குப் பொறுக்கவில்லை. முன்னால் நின்ற இரண்டு பேரை விலக்கிக்கொண்டு கழுத்தை நீட்டினார்.

"அப்புறம்?" என்றார்.